வால்யூம் 6-ஐத் தாண்டினால் விசில்: ட்யூபை விடுங்கள், வயரைப் பாருங்கள்

கேள்வி: சார், ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைப் பார்த்து வீட்டிலேயே ஒரு கிதார் ஆம்ப் கட்டினேன். சிறிய ட்யூப்களாக மூன்று 12ஏஎக்ஸ்7, பவர் ட்யூப்களாக இரண்டு 6எல்6ஜிசி. டிரான்ஸ்ஃபார்மர் இரண்டும் இங்கே கோவையில் சொல்லிச் சுற்றி வாங்கியவை. வால்யூம் 5 வரை அருமையாக இருக்கிறது. 6-ஐத் தாண்டினால் கீச்சென்று விசில் அடிக்கிறது. ட்ரெபிளைத் திருகினால் அந்த விசிலின் சுருதி மாறுகிறது. கிதாரைக் கழற்றிவிட்டால் 8-க்கு மேல் போனால்தான் வருகிறது. விசில் வரும்போது ஒரு 6எல்6 லேசாகச் சிவக்கிறது. ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டேன், பலனில்லை. ட்யூப்களை எல்லாம் புதிதாக மாற்றினேன், அதற்கும் பலனில்லை. இனிமேல் கெபாசிடர்களை மொத்தமாக மாற்றிவிடலாமா? ட்யூபின் பிளேட்டில் (சிக்னல் வெளியே வரும் முனை) ஒரு சின்ன கெபாசிடர் போட்டால் நின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார். என்னிடம் மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கிறது, ஆசிலாஸ்கோப் கிடையாது. உள்ளே எடுத்த படம் இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, முதல் வேலையாக கெபாசிடர் மாற்றும் யோசனையை நிறுத்துங்கள். உங்கள் கடிதத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது, மீதி நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிறது. ஒரு பார்ட் கெட்டுப்போனதால் வரும் சத்தம் மாதிரி இது எனக்குத் தெரியவில்லை. எல்லா பார்ட்டும் நன்றாக இருந்து, வயர் போன பாதை மட்டும் தப்பாக இருந்தால் வருகிற சத்தம் இது.

ஆம்ப் தானாக விசில் அடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? பின்னால் பெரிதான சிக்னலில் ஒரு துளி எங்கோ கசிந்து முன்னால் வந்து சேர்கிறது. வந்த துளி மறுபடி பெரிதாகி, மறுபடி கசிந்து, மறுபடி முன்னால் வருகிறது. ஒரு சுற்று முடிந்து வரும்போது அது முதலில் இருந்ததைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்து, அதே ஃபேஸிலும், அதாவது ஏற்ற இறக்கம் ஒத்தும், இருந்தால் போதும், கிதாரே இல்லாமல் ஆம்ப் பாட ஆரம்பித்துவிடும். ஆகவே உங்கள் வேலை கெட்ட பார்ட்டைத் தேடுவது அல்ல, அந்த வட்டத்தைத் தேடுவது. எங்கே கிளம்புகிறது, எங்கே வந்து சேர்கிறது, இந்த இரண்டு முனையும் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு வயரை நகர்த்துவதோடு கதை முடிந்துவிடும்.

இப்போது நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம். வால்யூமைக் குறைத்தால் நிற்கிறது. அப்படியானால் வட்டம் வால்யூம் பாட் (திருகும் கன்ட்ரோல்) வழியாகப் போகிறது. ட்ரெபிளைத் திருகினால் சுருதி மாறுகிறது. எனவே ட்ரெபிள் பாட்டும் வட்டத்துக்குள்தான் இருக்கிறது. கிதாரை மாட்டினால் 6-லேயே வருகிறது, கழற்றினால் 8 வரை தாங்குகிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இந்த மூன்றாவது விஷயம்தான் எனக்கு மிகவும் உதவியது. கிதார் இல்லாதபோது ஜாக்கில் உள்ள ஸ்விட்ச் இன்புட்டை கிரவுண்டோடு சேர்த்துவிடும், முதல் ட்யூபின் கிரிட் (சிக்னல் உள்ளே நுழையும் முனை) பேரலலாக இணைந்த இரண்டு 68 கே ரெசிஸ்டர்கள் வழியாக, அதாவது 34 கே ஓம் தூரத்தில் கிரவுண்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். கிதாரை மாட்டியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பிக்கப்பின் காயிலும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து சில ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்திசையும், அந்த இடத்தில் கிரிட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே சில லட்சம் ஓம் கூட வந்துவிடலாம். அப்போது காற்றில் வரும் துளி சிக்னலைக்கூட கிரிட் பிடித்துக்கொள்ளும். ஆக, கசிவு வந்து சேரும் இடம் முதல் ட்யூபின் கிரிட். கிளம்பும் இடம் ட்ரெபிள் பாட்டிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது.

ஃபேஸ் எப்படிப் பொருந்துகிறது என்றும் பார்த்துவிடலாம். 5எஃப்6-ஏ-வில் முதல் ஸ்டேஜ் சிக்னலைத் தலைகீழாக்குகிறது, இரண்டாவது ஸ்டேஜ் மறுபடி நேராக்குகிறது, அடுத்து வரும் கத்தோட் ஃபாலோயர் என்ற ஸ்டேஜ் ஃபேஸை மாற்றுவதில்லை. அதாவது டோன் கன்ட்ரோல்களில் இருக்கும் சிக்னல், இன்புட் கிரிட்டில் இருக்கும் சிக்னலோடு கிட்டத்தட்ட அதே ஃபேஸில் இருக்கிறது. இந்த சர்க்யூட்டில் ட்ரெபிள் வயரும் இன்புட் வயரும் பக்கத்தில் பக்கத்தில் போகக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

எவ்வளவு கசிந்தால் போதும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். முதல் ஸ்டேஜ் சுமார் 60 மடங்கு, கத்தோட் பைபாஸ் இல்லாத இரண்டாவது ஸ்டேஜ் சுமார் 40 மடங்கு, பெருக்கினால் 2,400. இரண்டு சேனலையும் சேர்க்கும் 270 கே ரெசிஸ்டர்களில் பாதி போய்விடும், டோன் ஸ்டேக்கில் (ட்ரெபிள், பாஸ், மிடில் கன்ட்ரோல்கள்) இன்னும் கொஞ்சம் போகும், எழுநூறு மடங்காவது மிஞ்சும். இந்தப் பக்கம், இரண்டு வயருக்கு நடுவே கெபாசிடர் போல உண்டாகும் 1 பிகோஃபாரட் கசிவு என்பது 5 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 32 மெகா ஓம். அதை 34 கே-வுக்கு எதிரே வைத்தால் சிக்னல் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். எழுநூறு மடங்கு பெரிதாகி ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தால் ஆம்ப் மயிரிழையில் தப்பிக்கிறது. கசிவு 2 பிகோஃபாரட் ஆனால் தப்பிக்காது. கிதாரை மாட்டி அந்த 34 கே-வைப் பல மடங்கு ஏற்றிவிட்டால் 1 பிகோஃபாரட்டே தாராளம். இரண்டு வயரை ஒட்டிக் கட்டினால் ஓர் அங்குலத்துக்கே 1 பிகோஃபாரட்டுக்கு மேல் வந்துவிடும்.

சரி, இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். முன்பக்கத் தகட்டை ஒட்டி, இன்புட் ஜாக்கிலிருந்து பாட்கள் வரை எல்லா வயரையும் ஒரே கட்டாகச் சேர்த்து ஏழெட்டு இடத்தில் கேபிள் டை போட்டிருக்கிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ரொம்பப் பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள் என்பதும் தெரிகிறது. ஆனால் அந்தக் கட்டுக்குள் இன்புட்டிலிருந்து முதல் ட்யூபுக்குப் போகும் வயரும் இருக்கிறது, ட்ரெபிள் பாட்டிலிருந்து வரும் வயரும் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேபினெட்டிலும் கன்ட்ரோல் பேனலிலும் இப்படிக் கட்டுவதுதான் நல்ல வேலை. ட்யூப் ஆம்பில் இதுதான் முதல் எதிரி.

சில வருடங்களுக்கு முன் என் மேஜைக்கு இதே ஜாதி ஆம்ப் ஒன்று வந்தது. கட்டியவர் பேனல் வயரிங் வேலை பார்ப்பவர். ஒரு வயர்கூட வளையாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் சரியாக 90 டிகிரி மடித்து, கட்டுகளை எல்லாம் சாசியோடு (உலோகப் பெட்டியோடு) ஒட்டிப் படுக்கவைத்திருந்தார். விசில் என்றால் அப்படி ஒரு விசில், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பவரை அணைத்து, கெபாசிடர்களை வடித்துவிட்டு, டைகளை எல்லாம் வெட்டினேன், வயர்கள் கொஞ்சம் தளர்ந்தன. மறுபடி ஆன் செய்து வால்யூமை 8-ல் வைத்தேன், விசில் அப்படியே இருந்தது. ஒரு காய்ந்த மூங்கில் குச்சியால் ட்ரெபிள் வயரை மெதுவாக மேலே தூக்கினேன். சுருதி ஏறிக்கொண்டே போய், அரை அங்குலம் தூக்கியதும் சத்தம் அற்றுப்போனது. குச்சியை எடுத்தேன், வயர் தன் பழைய இடத்துக்கு இறங்கியது, விசில் திரும்பி வந்தது. அவருக்கும் அதைச் செய்து காட்டினேன். நாலு மாதமாக அவர் மாற்றிய ட்யூபும் கெபாசிடரும் ஒரு பையில் இருந்தன, எல்லாமே நல்ல சரக்கு.

நீங்களும் அந்தக் குச்சி வைத்தியத்தைத்தான் செய்யப் போகிறீர்கள். அதற்கு முன் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதை மட்டும் தாண்டிப் படிக்காதீர்கள். உங்கள் ஆம்பில் 430 வோல்ட் பக்கம் டிசி ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெபாசிடர்களில் அது தங்கியிருக்கும், ஆளைக் கொல்லும். பிளக்கைக் கழற்றுங்கள், இன்சுலேஷன் உள்ள க்ளிப்போடு ஒரு 10 கே, 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு ஃபில்டர் கெபாசிடருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பத்து விநாடி பிடியுங்கள், பிறகு மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டே கையை உள்ளே விடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். ஆன் செய்து குச்சியால் குத்தும்போது இடது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கட்டும், குச்சி நன்றாகக் காய்ந்து ஒரு முழ நீளமாவது இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கட்டும். ஸ்பீக்கரையோ அதற்குப் பதிலாக ஒரு 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டரையோ மாட்டாமல் ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

குச்சியை எடுப்பதற்கு முன் ஐந்து நிமிட வேலை ஒன்று. விசில் ஸ்பீக்கர் வழியாகக் காற்றில் சுற்றி வருகிறதா, இல்லை உள்ளேயே சுற்றுகிறதா? மைக்ரோபோனிக் ட்யூப் இருந்தால் ஸ்பீக்கரின் அதிர்வே ட்யூபைக் குலுக்கி ஊளையிட வைக்கும், ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தால் இது சகஜம். ஸ்பீக்கரைக் கழற்றி ரெசிஸ்டரை மாட்டி, அதன் இரண்டு முனையிலும் மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வால்யூமை ஏற்றும்போது வோல்ட்டேஜ் எகிறினால் ஸ்பீக்கருக்குச் சம்பந்தமில்லை, வட்டம் உள்ளேதான் இருக்கிறது. விலை குறைந்த மீட்டர்கள் இந்த அலைவரிசையில் அளவைச் சரியாகக் காட்டாது, ஆனால் எகிறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். ட்யூபை மாற்றிப் பார்ப்பதற்கு நியாயம் உள்ள ஒரே இடம் இதுதான், நீங்கள் ஏற்கெனவே மாற்றிவிட்டதால் அந்தச் சந்தேகம் கிட்டத்தட்டத் தீர்ந்தது.

கசிவு ட்ரெபிள் பாட்டிலிருந்தா, இல்லை பவர் பக்கத்திலிருந்தா என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்றாவது 12ஏஎக்ஸ்7-ஐ, அதாவது இரண்டு பவர் ட்யூபுக்கும் எதிரெதிர் ஃபேஸில் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரை, ஆம்ப் அணைந்திருக்கும்போது உருவிவிடுங்கள். இனி பவர் ட்யூப்களுக்கு சிக்னல் போகாது, ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காது. ஆனால் முன்பாதி இன்னும் விசில் அடித்துக்கொண்டிருக்கிறதா? அதைக் கேட்க ஒரு காது வேண்டும். 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் கெபாசிடர் ஒன்று, அதோடு தொடராக 1 மெகா ஓம், அதன் கடைசி முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே. அந்த 10 கே-வின் மேல் இருப்பதை ஒரு பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரின் இன்புட்டுக்குக் கொடுங்கள். சிக்னல் நூறில் ஒன்றாகக் குறைந்து வரும், ஸ்பீக்கருக்கு ஆபத்தில்லை. சென்னை ரிச்சி தெருவில் இந்த மூன்று பார்ட்டும் ஒரு டீக்காசுக்குக் கிடைக்கும், உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். இதன் முனையை ஆம்ப் அணைந்திருக்கும்போதே ட்ரெபிள் பாட்டின் நடுக்காலில் க்ளிப் போட்டுவிட்டு ஆன் செய்யுங்கள். விசில் கேட்டால் வட்டம் ட்ரெபிளோடு முடிகிறது, அந்தக் கட்டுதான் குற்றவாளி. கேட்காவிட்டால் கசிவு ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு அப்பால் இருந்து வருகிறது, அடுத்து நான் சொல்லப்போகும் டிரான்ஸ்ஃபார்மர் வயர்களைப் பாருங்கள்.

உங்கள் படத்தில் என் கண்ணை உறுத்திய இரண்டாவது விஷயம் அதுதான். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர்கள் சாசிக்குள் இறங்கும் துளை முதல் ட்யூபின் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து முழு நீளமும் ஓடிப் பவர் ட்யூப் சாக்கெட்டுக்குப் போகின்றன. அந்த வயர்களில் சிக்னல் நூற்றுக்கணக்கான வோல்ட் ஆடும். இரண்டு பிளேட்டும் எதிரெதிர் ஃபேஸில் இருப்பதால் ஏதோ ஒன்று கண்டிப்பாக இன்புட்டோடு ஒரே ஃபேஸில் இருக்கும், தப்பிக்க வழியே இல்லை. பவர் ட்யூப் சாக்கெட்டுக்கு நேர் பின்னால் ஒரு புதுத் துளை போட்டு, ரப்பர் வளையம் வைத்து, மிகக் குறுகிய வழியில் 3-ஆம் காலுக்கு (பிளேட்) கொண்டுபோங்கள். துளை போடும்போது உலோகத்தூள் உள்ளே விழாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள்.

சரி, கட்டைப் பிரித்தாகிவிட்டது, எப்படித் திரும்பப் போடுவது? ட்ரெபிள், பாஸ், மிடில் வயர்கள் போர்டிலிருந்து பாட்டுக்கு நேராகப் போகட்டும், சாசியின் தரையோடு ஒட்டிப் போகட்டும். இன்புட் வயரை எங்கேயாவது தாண்ட வேண்டியிருந்தால் குறுக்கே, சிலுவை மாதிரி தாண்டட்டும், கூடவே ஓடக் கூடாது. இன்புட் ஜாக்கிலிருந்து முதல் ட்யூபின் 2-ஆம் காலுக்கும், அடுத்த சேனலில் 7-ஆம் காலுக்கும் ஷீல்டு கேபிள் போடுங்கள். ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் கிரவுண்ட் செய்து, ட்யூப் பக்கத்தில் வெட்டி, ஒரு துண்டு ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடிவிடுங்கள். உங்கள் படத்தில் 68 கே ரெசிஸ்டர்கள் ஜாக்கில் தொங்குகின்றன. ஃபெண்டரும் அப்படித்தான் வைத்தார்கள், தப்பில்லை, ஆனால் நான் கட்டினால் அவற்றை ட்யூப் சாக்கெட்டுக்கே கொண்டுவந்துவிடுவேன். ரெசிஸ்டரின் கால் சாக்கெட்டின் காலைத் தொடும் இடத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் விடமாட்டேன். 12ஏஎக்ஸ்7-இன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் நடுவே இருக்கும் 1.7 பிகோஃபாரட், ட்யூபின் பெருக்கத்தால் கிரிட்டிலிருந்து பார்க்கும்போது நூறு பிகோஃபாரட் போல ஆகிவிடும். அதோடு 68 கே சேர்ந்தால் 23 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் உள்ளே நுழையாதபடி இறங்க ஆரம்பிக்கும். காதுக்கு எட்டும் ட்ரெபிள் ஒன்றும் போகாது, ரேடியோ ஸ்டேஷன் உள்ளே வருவதும் நிற்கும்.

பவர் ட்யூப்களிலும் இதே காரியம். 6எல்6-இன் 5-ஆம் காலில் (கிரிட்) நேரடியாக, ஒவ்வொன்றுக்கும் 1.5 கே ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். வால்யூம் விசில் போன பிறகும் சில ஆம்ப்களில் நோட் அடங்கும்போது ஒரு பொரபொரப்பு, எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி, கூடவே வரும். பவர் ட்யூப் காதுக்கு எட்டாத அலைவரிசையில் அலையின் உச்சியில் மட்டும் துடிப்பதால் வருவது அது. இந்த 1.5 கே அதை நிறுத்தும், ஆனால் போர்டில் வைத்தால் வேலை செய்யாது, காலிலேயே இருக்க வேண்டும். 4-ஆம் காலில் 470 ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், படத்தில் எனக்குத் தெரியவில்லை.

காதுக்குக் கேட்காத ஆசிலேஷனை ஸ்கோப் இல்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு 6எல்6-இன் 8-ஆம் காலுக்கும் (கத்தோட்) கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 1 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். அதில் எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று அர்த்தம். கிதார் எதையும் மாட்டாமல், மீட்டரைப் பார்த்துக்கொண்டே வால்யூமை 0-விலிருந்து 10 வரை ஏற்றுங்கள், ட்ரெபிளையும் ப்ரெசென்ஸையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சிக்னலே இல்லாதபோது இந்தக் கரன்ட் நகரக் கூடாது. 35 காட்டிக்கொண்டிருந்தது 60-க்குத் தாவினால், ஸ்பீக்கர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் ஆம்ப் உள்ளே துடித்துக்கொண்டிருக்கிறது. ஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கும் நான் இதையே முதலில் செய்யச் சொல்வேன், ஏனென்றால் ஸ்கோப்பின் ப்ரோப்பை வைத்ததும் அதன் கெபாசிட்டன்ஸே சில ஆசிலேஷனை நிறுத்திவிடும், ஒன்றுமில்லை என்று நினைத்து ஏமாந்துவிடுவோம்.

உங்கள் சிவந்த ட்யூபுக்கும் விடை இந்த அளவில்தான் கிடைக்கும். 430 வோல்ட்டில் 35 மில்லி ஆம்பியர் என்றால் 15 வாட், 6எல்6ஜிசி-யின் பிளேட் தாங்குவது 30 வாட், வசதியாக இருக்கும். விசில் அடிக்கும்போது ட்யூப்கள் முழு வேகத்தில் நிற்காமல் ஓடுகின்றன, சிவப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் இரண்டில் ஒன்று மட்டும் சிவக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் வால்யூம் பூஜ்யத்தில் இரண்டு ட்யூபின் 5-ஆம் காலிலும் வோல்ட்டேஜ் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு, மைனஸ் 45-லிருந்து 50 வோல்ட் அருகே இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் சில வோல்ட் குறைந்து பூஜ்யத்தின் பக்கம் வந்திருந்தால் அந்தப் பக்கத்து 0.1 மைக்ரோஃபாரட் கப்ளிங் கெபாசிடர் டிசி-யைக் கசியவிடுகிறது. உங்கள் ஆம்பில் நீங்கள் மாற்ற வேண்டிய கெபாசிடர் ஏதாவது இருந்தால் அது அந்த ஒன்றுதான்.

ஸ்பீக்கர் வயரை மாற்றிப் போட்டேன் என்று சொன்னீர்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில் குழம்புகிறார்கள். இந்த சர்க்யூட்டில் அவுட்புட்டிலிருந்து 27 கே ரெசிஸ்டர் வழியாக ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் போகிறது. 1927 ஆகஸ்டில் ஹரால்டு பிளாக் என்ற என்ஜினியர் நியூயார்க்குக்குப் படகில் வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த செய்தித்தாளின் மேலேயே வரைந்து கண்டுபிடித்த விஷயம் இது. சிக்னலை எதிர் ஃபேஸில் திருப்பிக் கொடுத்தால் ஆம்ப் ஒழுங்காகும், தப்பி அதே ஃபேஸில் கொடுத்துவிட்டால் அது ஆசிலேட்டர் ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ளூரில் சுற்றியது, வயர்கள் எல்லாம் ஒரே நிறம் என்று படத்தில் தெரிகிறது, ஆகவே ஃபேஸ் சரியாக விழுந்ததா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்பீக்கரின் காலில் வயரை மாற்றினால் ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் போவதற்குப் பதில் பின்னால் போகும், அவ்வளவுதான். ஃபீட்பேக் வயருக்கு அது தெரியவே தெரியாது. மாற்ற வேண்டியது பிரைமரியின் இரண்டு முனைகளை, அதாவது ஒரு 6எல்6-இன் 3-ஆம் காலில் இருப்பதை மற்றதன் 3-ஆம் காலுக்கு.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 27 கே-வின் ஒரு முனையைக் கழற்றிவிட்டு, வால்யூம் 3-ல் வாசித்துப் பாருங்கள். சத்தம் கூடினால் ஃபேஸ் சரி, பழையபடி பற்றவையுங்கள். சத்தம் குறைந்தால் தலைகீழ், பிரைமரியை மாற்றுங்கள். வால்யூம் 5 வரை அருமை என்று நீங்களே சொல்வதால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், தலைகீழாக இருந்திருந்தால் பெரும்பாலும் வால்யூம் பூஜ்யத்திலேயே ஊளை கிளம்பியிருக்கும்.

உள்ளூர் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொரு சங்கதி உண்டு. பிரைமரியையும் செகண்டரியையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றாமல், ஒன்றின் மேல் ஒன்றாக மொத்தமாகச் சுற்றியிருந்தால் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் அதிகமாக இருக்கும், மேல் அலைவரிசையில் ஃபேஸ் சீக்கிரமே சுழன்று, நெகட்டிவாகப் போன ஃபீட்பேக் அங்கே பாஸிட்டிவாக மாறிவிடும். வயர் எல்லாம் திருத்திய பிறகும் 1 ஓம் சோதனையில் கரன்ட் தாவி, 27 கே-வைக் கழற்றினால் மட்டும் நிற்கிறது என்றால் இதுதான் காரணம். 27 கே-வை 47 கே ஆக்குங்கள், போதாவிட்டால் ஃபேஸ் இன்வெர்ட்டரின் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 47 பிகோஃபாரட், 500 வோல்ட் தாங்கும் மைக்கா கெபாசிடர் ஒன்று போடுங்கள், பிற்கால மார்ஷல்களில் அது இருக்கிறது.

நண்பர் சொன்ன சின்ன கெபாசிடரைப் பற்றி இப்போது பேசலாம். நான் மேலே சொன்ன 47 பிகோஃபாரட்டும் ஒரு விதத்தில் அதே வைத்தியம்தான், ஆனால் காரணம் தெரிந்த பிறகு, தீர்க்க முடியாத டிரான்ஸ்ஃபார்மருக்காகப் போடுவது. காரணம் தெரியாமல் முதல் நாளே போட்டால் விசில் நிற்கும், கூடவே நீங்கள் இந்த சர்க்யூட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமான அந்தக் கணீரென்ற மேல் சுருதியும் மங்கிவிடும். 1960-களின் கடைசியில் வந்த சில ஃபெண்டர் ஆம்ப்களில் பவர் ட்யூப் கிரிட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2,000 பிகோஃபாரட் கெபாசிடர்கள் போட்டிருந்தார்கள். இன்று அவற்றைப் பழுது பார்ப்பவர்கள் பலர் அந்தக் கெபாசிடர்களை வெட்டிவிட்டு, வயரை ஒழுங்காகப் போட்டு, அந்த ஆம்ப்களைத் திரும்பப் பாட வைக்கிறார்கள்.

டுப் டுப் டுப் என்று மோட்டார் படகு மாதிரி மெதுவாக அடித்திருந்தால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிடர்களைப் பார்க்கச் சொல்லியிருப்பேன், அந்த வட்டம் பி பிளஸ் லைன் (உயர் வோல்ட்டேஜ் டிசி லைன்) வழியாகச் சுற்றும். உங்களுடையது கீச்சென்ற விசில், அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 1 ஓம் ரெசிஸ்டர்களைப் போட்டு இப்போதைய எண்களை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு டைகளை வெட்டி, குச்சியால் ட்ரெபிள் வயரைத் தூக்கிப் பாருங்கள். அதற்கடுத்துதான் ஷீல்டு கேபிள், அதற்கடுத்து டிரான்ஸ்ஃபார்மர் துளை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொரு முறையும் விசில் எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். 6-ல் இருந்தது 8 ஆனால் சரியான வழியில் போகிறீர்கள், எதுவும் நகராவிட்டால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள். எல்லாம் முடிந்ததும், கிதாரை மாட்டி கிதாரின் வால்யூமையும் முழுதாக வைத்து, ஆம்பில் எல்லாவற்றையும் 10-ல் வைத்து, இரண்டு ட்யூபின் கரன்ட்டையும் 5-ஆம் கால் வோல்ட்டேஜையும் எனக்கு எழுதுங்கள். கட்டுப் பிரித்த பிறகு எடுத்த படம் ஒன்றும் வேண்டும், மேலிருந்து நேராக, நல்ல வெளிச்சத்தில்.